தார் முடிந்த பிறகு

(இமயமலைப் பயணத்துக்குத் தயாராகும் பைக் ஓட்டிகளிடையே சென்னையில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



மணாலியிலிருந்து லே போகும் சாலையில் பனி விலக்கிவிட்டார்கள் என்ற செய்தி வந்ததும் நம் ஊரில் ஒரு பரபரப்பு தொடங்கிவிடும். பைக்கை ரயிலில் ஏற்றலாமா, ஓட்டியே போய்விடலாமா, எந்த டயர், எந்த ஜாக்கெட் என்று பேச்சு நீளும். எல்லாம் முடிந்த பிறகு கடைசியாக ஒருவர் கேட்பார்: "எந்த ஆப் போட்டுக்கிட்டுப் போறது? தனியா ஜிபிஎஸ் வாங்கணுமா?" இது கடைசியில் கேட்க வேண்டிய கேள்வி இல்லை. டயரில் தவறினால் பஞ்சர் ஒட்டிக்கொள்ளலாம். பதினைந்தாயிரம் அடி உயரத்தில், மாலை நான்கு மணிக்கு, பாதை இரண்டாகப் பிரியும் இடத்தில் எந்தப் பக்கம் என்று தெரியாமல் நின்றால் அங்கே உதவிக்கு வர யாரும் இருக்க மாட்டார்கள்.

எந்த ஆப், எந்தக் கருவி என்பதற்கு வருகிறேன். அதற்கு முன்னால் அந்தக் கருவியிடம் நாம் என்ன வேலை வாங்கப்போகிறோம் என்பதைத் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். சென்னையில் போன் நமக்காக முடிவெடுக்கிறது. அண்ணா சாலையில் நெரிசல், உள்ளே திரும்பு என்கிறது, திரும்புகிறோம். பெரும்பாலும் சரியாகவே இருக்கிறது. காரணம், அதன் பின்னால் மூன்று ஆதாரங்கள் நிற்கின்றன. தெருக்களின் விவரம் கிட்டத்தட்ட முழுமையாக அதனிடம் உள்ளது. ஆயிரக்கணக்கான போன்கள் நகரும் வேகத்திலிருந்து நெரிசல் விவரம் நொடிக்கு நொடி வருகிறது. இரண்டையும் கொண்டுவந்து சேர்க்க டவர் இருக்கிறது. தார் முடியும் இடத்தில் இந்த மூன்றும் ஒன்றாக நின்றுபோகின்றன. அதன் பிறகும் போன் பழைய குரலில், பழைய உறுதியோடு "இடப்பக்கம் திரும்பவும்" என்று சொல்லிக்கொண்டிருக்கும். ஆபத்து அந்த உறுதியில்தான் இருக்கிறது.

அங்கே மிஞ்சியிருப்பது ஒரே ஒரு நம்பகமான தகவல்: பூமியில் நான் நிற்கும் புள்ளி எது என்பது. ஆகவே கரடுமுரடான பாதைகளுக்குக் கருவி தேடும்போது, எது எனக்கு வழி சொல்லும் என்று தேடாதீர்கள். நான் எங்கே இருக்கிறேன் என்பதை எந்த நிலையிலும் காட்டக்கூடியது எது, என்னைச் சுற்றி மலை எப்படி ஏறுகிறது, ஓடை எங்கே குறுக்கிடுகிறது என்பதைக் காட்டக்கூடியது எது என்று தேடுங்கள். எந்தப் பக்கம் போவது என்ற முடிவு வண்டியின் மேல் உட்கார்ந்திருப்பவருடையது. இன்று நான் சொல்லப்போகும் எல்லாமே இந்த ஒன்றிலிருந்து வருவதுதான்.

டவர் இல்லையென்றால் ஜிபிஎஸ் வேலை செய்யாது என்று நம்புகிறவர்கள் இன்னும் நிறைய பேர் இருக்கிறார்கள். அது சரியில்லை. ஜிபிஎஸ் செயற்கைக்கோள்கள் சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்திலிருந்து நேரத்தை ஒலிபரப்பிக்கொண்டே இருக்கின்றன. உங்கள் போன் வெறும் கேட்கும் ரேடியோ. நான்கு செயற்கைக்கோள்களின் குரல் கேட்டால் இடமும் உயரமும் கணக்கிட்டுவிடும். இதற்கு சிம் வேண்டாம், நெட் வேண்டாம், கட்டணமும் கிடையாது. நெட் வேண்டியது வரைபடத்துக்குத்தான். வெள்ளைத் திரையில் ஒரு நீலப் புள்ளி மட்டும் தெரிவது ஜிபிஎஸ்ஸின் குற்றம் இல்லை. வரைபடத்தை வீட்டிலேயே இறக்கி வைக்காததால் வருவது.

இன்னொரு நுணுக்கம். நகரத்தில் போன் நொடியில் இடத்தைப் பிடிக்கிறது. எந்தச் செயற்கைக்கோள் இப்போது எங்கே இருக்கிறது என்ற பட்டியலை அது நெட் வழியாக வாங்கிக்கொள்வதுதான் காரணம். நெட் இல்லாத இடத்தில் அந்தப் பட்டியலை வானத்திலிருந்தே கேட்டு எழுதிக்கொள்ள வேண்டும். ஒலிபரப்பின் வேகம் நொடிக்கு 50 பிட் மட்டுமே என்பதால், முழுப் பட்டியலும் வந்துசேரப் பன்னிரண்டரை நிமிடம் ஆகும். சென்னையில் அணைத்த கருவியை விமானத்தில் கொண்டுபோய் லடாக்கில் திறந்தால் முதல் நாள் காலை அது திணறும். கருவி கெட்டுவிட்டதென்று பதற வேண்டாம். தங்கும் விடுதியின் முற்றத்தில், வானம் நன்றாகத் தெரியும் இடத்தில், டீ குடிக்கும் நேரத்துக்கு அதை அப்படியே வைத்துவிடுங்கள்.

லடாக், காஷ்மீர் போகிறவர்களுக்கு சிம் பற்றியும் ஒரு வார்த்தை. வெளிமாநில ப்ரீபெய்டு சிம் அங்கே வேலை செய்யாது. போஸ்ட்பெய்டு வேலை செய்யும். அதுவும் ஊர்களை ஒட்டித்தான். பயணத்தின் பெரும்பகுதியில் போனை சிம் இல்லாத கருவியாகவே கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

இனி வரைபடம். எல்லோர் கையிலும் இருப்பது கூகுள் மேப்ஸ். ஆஃப்லைனில் ஒரு பகுதியை இறக்கி வைத்துக்கொள்ளலாம். நெடுஞ்சாலைக்கும் பெட்ரோல் பங்க், விடுதி தேடவும் அது போதும். ஆனால் அதன் ஆஃப்லைன் பதிப்பில் நிலத்தின் ஏற்ற இறக்கம் தெரியாது. மண்பாதை, மாட்டுவண்டிப் பாதை, ஆற்றுப்படுகை எல்லாம் ஒன்று விட்டுப்போயிருக்கும், அல்லது எல்லாமே ஒரே மாதிரி சாலையாகத் தெரியும்.

இந்த இடத்தில் ஓபன்ஸ்ட்ரீட்மேப் உதவிக்கு வருகிறது. 2004-ல் இங்கிலாந்தில் ஸ்டீவ் கோஸ்ட் தொடங்கிய திட்டம் அது; உலகம் முழுவதும் தன்னார்வலர்கள் வரைந்து சேர்க்கும் வரைபடம். அதில் ஒரு பாதையை வரைகிறவர் அது தாரா, சரளையா, மண்ணா, எந்த அளவுக்கு இறுகிய தரை என்று தரம் குறிக்க முடியும். மண்பாதைகளுக்கு ஒன்று முதல் ஐந்து வரை தரம் உண்டு: ஒன்று என்றால் கெட்டியான தளம், ஐந்து என்றால் வெறும் தரை. நமக்கு வேண்டிய தகவல் இதுதான். இந்த வரைபடத்தை அடித்தளமாகக் கொண்டவை ஓஸ்ம்ஆண்ட், ஆர்கானிக் மேப்ஸ் போன்ற ஆப்கள். ஆர்கானிக் மேப்ஸ் இலவசம், விளம்பரம் இல்லை, வேகமானது; புதிதாகத் தொடங்குகிறவருக்கு அதைத்தான் சொல்வேன். ஓஸ்ம்ஆண்ட் பழக நேரம் எடுக்கும். அமைப்புப் பக்கங்களுக்குள் போனால் ஒரு காடு. ஆனால் பாதையின் தரத்துக்கு ஏற்ப நிறம் மாற்றுவது, சமவுயரக் கோடுகள், மலை நிழல், போன வழியைப் பதிவது என்று நம் வேலைக்கு அதைவிடப் பொருத்தமானதை நான் பார்க்கவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமையை அதற்குக் கொடுங்கள்.

யூடியூபில் ஆஃப்-ரோடு ஆப் என்று தேடினால் ஆன்எக்ஸ் ஆஃப்ரோடு, கையா ஜிபிஎஸ் என்ற பெயர்கள் முதலில் வரும். இரண்டும் நல்ல ஆப்கள்தான். ஆனால் ஆன்எக்ஸ் அமெரிக்காவுக்காகச் செய்யப்பட்டது. அங்கே ஒரு மண்பாதை அரசு நிலத்தில் போகிறதா, தனியார் நிலத்தில் போகிறதா, வனத்துறை அதில் மோட்டார் வண்டியை அனுமதித்திருக்கிறதா என்பதுதான் ஓட்டுகிறவரின் முதல் கேள்வி. அதற்கான பதிவுகள் அங்கே பொதுவில் கிடைக்கின்றன. அவற்றைத் திரட்டி விற்கிறார்கள். ஸ்பிதியில் அந்தப் பதிவு எதுவும் இல்லை. ஆகவே அங்குள்ளவர்களின் பரிந்துரையைக் கேட்டு இங்கே ஆண்டுச் சந்தா கட்டாதீர்கள். கையா உலகம் முழுவதும் காட்டும். ஆனால் ஆஃப்லைன் வசதிக்குப் பணம் கேட்கும், அடியில் காட்டுவது பெரும்பாலும் நான் சொன்ன அதே ஓபன்ஸ்ட்ரீட்மேப்.

சமவுயரக் கோடுகளைப் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள். கோடுகள் நெருங்கினால் செங்குத்து, விலகினால் சமவெளி. அவ்வளவுதான் அடிப்படை, அரை மணி நேரத்தில் கண்ணுக்குப் பிடிபட்டுவிடும். ஆனால் அவை எங்கிருந்து வந்தன என்பதும் தெரிந்திருக்க வேண்டும். நம் ஆப்கள் காட்டும் கோடுகளில் பெரும்பகுதி, 2000 பிப்ரவரியில் எண்டெவர் விண்வெளி ஓடம் பதினொரு நாள் பறந்து ரேடாரால் அளந்த தரவிலிருந்து கணினி வரைந்தவை. தரையில் சுமார் 30 மீட்டருக்கு ஒரு புள்ளி. இரண்டு புள்ளிகளுக்கு நடுவே ஒரு பாறை விளிம்பு இருந்தால் வரைபடத்தில் அது மெதுவான சரிவாகத் தெரியும். கோடு பொதுவான மலை வடிவத்தைச் சொல்லும். காலடியில் இருக்கும் பள்ளத்தைச் சொல்லாது. அதைக் கண்தான் பார்க்க வேண்டும்.

இப்போது, ஆப்பை விட முக்கியம் என்று நான் நினைக்கும் விஷயத்துக்கு வருகிறேன். நண்பர் ஒருவர் போன வழியை உங்களுக்கு ஜிபிஎக்ஸ் கோப்பாக அனுப்புகிறார். அதற்குள் ரூட் இருக்கலாம், ட்ராக் இருக்கலாம். ரூட் என்பது சில புள்ளிகள் மட்டும். நடுவில் எப்படிப் போவது என்பதைக் கருவியே தன் வரைபடத்தைப் பார்த்துக் கணக்கிட்டுக்கொள்ளும். ட்ராக் என்பது அவர் போன தடம், ஆயிரக்கணக்கான நெருங்கிய புள்ளிகளாக. அதைக் கருவி மாற்றாது. கோடாக வரைந்து வைக்கும், அதன் மேல் நீங்கள் இருக்கிறீர்களா விலகிவிட்டீர்களா என்று மட்டும் காட்டும்.

ஒரே ரூட் கோப்பை இரண்டு பேர் இரண்டு கருவிகளில் போட்டால் இரண்டு வெவ்வேறு பாதைகள் வரலாம். ஒருவருடைய கருவி குறுகிய தூரத்தைத் தேடும், மற்றவருடையது விரைவான வழியைத் தேடும். நீங்கள் கொஞ்சம் விலகினால் அது மறுபடி கணக்குப் போடும். போட்டு, ஒரு ஆட்டுப்பாதையில் கொண்டுபோய்ச் சேர்க்கும். தார்ச் சாலைக்கு ரூட், மண்ணுக்கு ட்ராக். கருவி வாங்கும்போது கடைக்காரரிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வியும் இதுதான்: இதில் ட்ராக்கை ட்ராக்காகவே பின்தொடர முடியுமா, அல்லது நான் கொடுத்ததை எல்லாம் இது ரூட்டாக மாற்றிவிடுமா? மறுகணக்கை நிறுத்தி வைக்க வழி இருக்கிறதா? இதற்குத் தெளிவான பதில் இல்லாத கருவி எவ்வளவு அழகாக இருந்தாலும் வேண்டாம்.

கருவியின் முடிவை அப்படியே ஏற்பதன் விலை என்ன என்பதை 2024 நவம்பரில் உத்தரப் பிரதேசத்தின் பரேலி அருகே பார்த்தோம். ராம்கங்கா ஆற்றின் மேல் ஒரு பாலம். ஒரு பகுதி முன்பே வெள்ளத்தில் போய்விட்டது. வரைபடத்தில் பாலம் முழுசாக இருந்தது. அதை நம்பி வந்த கார் விளிம்பிலிருந்து விழுந்து மூன்று பேர் இறந்தார்கள். அது சமவெளி. தடுப்பு வைக்கவும் ஆள் நிறுத்தவும் முடிந்த இடம். இமயமலையில் ஒவ்வொரு மழைக்காலத்திலும் சாலை இடம் மாறுகிறது, பாலம் போகிறது, புதிதாக ஒரு பெய்லி பாலம் இருநூறு மீட்டர் தள்ளி வருகிறது. உங்கள் ட்ராக் போன ஆண்டினுடையது. அது மிகவும் மதிப்புள்ள தகவல், ஆனால் போன ஆண்டின் தகவல்.

நேரமும் வரைபடத்தில் இல்லாத ஒன்று. ஸ்பிதிக்குப் போகும் வழியில், கிராம்ஃபூவிலிருந்து பாதல் வழியாகக் குன்சும் கணவாய்க்கு, அதாவது 4,551 மீட்டருக்கு ஏறும் பாதையில் பனியாற்று நீர் சாலையைக் கடக்கும் நாலாக்கள் பல உண்டு. காலையில் கணுக்கால் அளவு ஓடும் நீர், வெயில் ஏறிப் பனி உருகியதும் பிற்பகலில் முழங்காலுக்கு வந்துவிடும். எந்த ஆப்பும் கடிகாரம் பார்த்து இதைச் சொல்லாது. அந்த நாலாக்களை நீங்களே வேபாயின்டாகக் குறித்து, பெயரோடு "பதினோரு மணிக்குள்" என்று எழுதி வையுங்கள். பெட்ரோலும் அப்படித்தான். மணாலி–லே சாலையில் தண்டியில் உள்ள பங்கில், அடுத்த பங்க் 365 கிலோமீட்டருக்கு அப்பால் என்று சொல்லும் பலகை பல ஆண்டுகளாகப் பைக்காரர்களிடையே பிரபலம். புதிதாக பங்க் வந்திருக்கிறதா என்பதை மணாலியில் விசாரித்துக்கொள்ளுங்கள், விசாரித்ததையும் குறித்துக்கொள்ளுங்கள். வரைபடத்தை உங்கள் குறிப்புகளால் நிரப்ப முடிகிற ஆப்தான் நல்ல ஆப்.

குறிக்கும்போது ஒரு எச்சரிக்கை. ஆயத்தொலைவுகளைப் பல வடிவங்களில் எழுதுவார்கள். ஒருவர் தொலைபேசியில் "முப்பத்துநாலு, பதினைஞ்சு" என்கிறார். 34 டிகிரி 15 நிமிடமா, 34.15 டிகிரியா? பதினைந்து நிமிடம் என்றால் கால் டிகிரி, அதாவது 34.25. இரண்டுக்கும் வித்தியாசம் 0.1 டிகிரி; தரையில் சுமார் 11 கிலோமீட்டர். மலைப் பகுதியில் பதினோரு கிலோமீட்டர் என்பது வேறு பள்ளத்தாக்கு. குழுவில் எல்லோரும் கிளம்பும் முன்பே ஒரே வடிவத்துக்குத் தங்கள் கருவிகளை மாற்றி வைத்துக்கொள்ளுங்கள்.

கருவி முடிவெடுக்காமல் மனிதர் முடிவெடுப்பதை ஒரு கலையாகவே வளர்த்தவர்கள் ராலி ஓட்டுகிறவர்கள். 1977-ல் அபிட்ஜானிலிருந்து நீஸ் வரையான போட்டியில் பைக் ஓட்டிய தியெரி சபின் லிபியப் பாலைவனத்தில் வழி தவறினார்; தேடிக் கண்டுபிடித்து மீட்டார்கள். பிழைத்து வந்தவர் அடுத்த ஆண்டு டிசம்பரில் பாரிஸ்–டக்கார் ராலியைத் தொடங்கினார். இன்றும் அந்தப் போட்டியில் திரையில் பாதை காட்டும் வரைபடம் கிடையாது. ரோட்புக் மட்டும்: இத்தனை கிலோமீட்டரில் இந்தச் சின்னம், இந்தத் திசைக்கோணம், ஆபத்துக்கு ஒன்று, இரண்டு, மூன்று ஆச்சரியக்குறிகள். 2015-ல் டக்கார் ராலியை முடித்த முதல் இந்தியர் சி. எஸ். சந்தோஷ். 2024-ல் கேரளத்தின் ஹரித் நோவா ராலி-2 பிரிவில் வென்று, மொத்தத்தில் பதினொன்றாவதாக வந்தார். மணிக்கு நூறு கிலோமீட்டர் வேகத்தில் மணலில் ஓடிக்கொண்டே தூரமானியையும் திசையையும் குறிப்பையும் மனத்தில் ஒன்றாக்கும் திறமை அது.

நமக்கு அந்த வேகம் வேண்டாம். அந்தப் பழக்கம் வேண்டும். கிளம்புவதற்கு முந்தைய இரவு, ஒரு தாளில், அன்றைய வழியை எழுதிவிடுங்கள். எத்தனையாவது கிலோமீட்டரில் எந்தப் பிரிவு, எந்தப் பாலம், எந்தச் சோதனைச் சாவடி. பத்துப் பன்னிரண்டு வரிகள் போதும். டேங்க் பேக்கின் மேல் பிளாஸ்டிக் உறைக்குள் வையுங்கள். பேட்டரி தேவையில்லை, வெயிலில் தெரியும், மழையில் தெரியும். இதைவிட முக்கியமாக, எழுதும்போதே வழி மனத்தில் படிந்துவிடுகிறது. மறுநாள் போன் தவறாகச் சொன்னால் உங்களுக்கு உறைக்கும்.

இமயமலையின் வரைபடமே அப்படி, மனிதர் அளந்து எழுதியதில்தான் பிறந்தது. 1802-ல் வில்லியம் லாம்ப்டன் நம் பரங்கிமலை அருகே அடிக்கோடு அளந்து தொடங்கிய நில அளவைதான் முக்கோணம் முக்கோணமாக வடக்கே போய் இமயத்தைத் தொட்டது. நில அளவைக் கருவிகளைக் கொண்டுபோக முடியாத திபெத்துக்குள் 1865-ல் குமாவோனைச் சேர்ந்த நயின் சிங் ராவத் நடந்தே போனார். கையில், 108 மணிக்குப் பதில் 100 மணி கோத்த ஜபமாலை. நூறு அடிவைப்புக்கு ஒரு மணி. ஜபச் சக்கரத்துக்குள் குறிப்புகள். நீர் கொதிக்கும் வெப்பத்தை அளந்து உயரக் கணக்கு. லாசா எங்கே இருக்கிறது என்பதை அவர் காலால் அளந்து சொன்னார். டிரிப் மீட்டரை ஒவ்வொரு பிரிவிலும் பூஜ்ஜியமாக்கிக்கொண்டு ஓட்டுகிறவர் அவருடைய வழியில்தான் வருகிறார்.

இப்போது கருவிகள். போன் போதுமா, தனி ஜிபிஎஸ் வேண்டுமா? தார்ச் சாலையும் நல்ல சரளையும் என்றால் போன் போதும். ஆனால் உங்கள் நல்ல போனை ஹேண்டில்பாரில் மாட்டாதீர்கள். பல கைபேசிக் கேமராக்களில் கையாட்டத்தைச் சமன்செய்ய மிதக்கும் லென்ஸ் இருக்கிறது. சக்திவாய்ந்த பைக் எஞ்சின்களின் அதிர்வு ஹேண்டில்பார் வழியாக அதைப் பாழாக்கலாம் என்று ஆப்பிள் நிறுவனமே 2021-ல் எச்சரித்தது. ஐபோன் வேலை செய்ய ஏற்ற வெப்பம் 0 முதல் 35 டிகிரி என்றும் அதே நிறுவனம் சொல்கிறது. நம் ஊர் மே மாத வெயிலில் போன் சூடேறித் திரை மங்கும். ஏறிக்கொண்டே போனால் அணைந்துவிடும். கணவாயின் குளிரில் பேட்டரி பாதி இருக்கும்போதே சட்டென்று படுத்துவிடும். சார்ஜ் போடும் துளையில் ஈரம் பட்டால் போன் சார்ஜ் ஏற்க மறுக்கும். மழை நாளில், அதாவது மிகவும் தேவைப்படும் நாளில், இது நடக்கும்.

பலரும் செய்கிற, எனக்கும் பிடித்த ஏற்பாடு: பழைய ஆண்ட்ராய்டு போன் ஒன்று. சிம் வேண்டாம். வரைபடமும் ட்ராக்கும் தவிர வேறு எதுவும் அதில் வேண்டாம். அது ஹேண்டில்பாரில், அதிர்வு தாங்கும் மவுன்ட்டில். அதே வரைபடங்கள் ஏற்றிய நல்ல போன் ஜாக்கெட்டின் உள்பையில், உடல் சூட்டில். ஒன்று போனால் மற்றது இருக்கும். இரண்டும் ஒரே சார்ஜரை நம்பியிருக்கக் கூடாது. பைக்கின் சாக்கெட் ஒன்றுக்கு, பவர் பேங்க் மற்றதற்கு. பவர் பேங்க்கும் உள்பையில்தான். குழுவாகப் போனால் இருவேறு ஆப் வைத்திருப்பவர்கள் இருப்பது நல்லது. ஒரே ஆப்பில் ஒரே பிழை எல்லோருக்கும் வரும்.

பழைய போனானாலும் புதிய போனானாலும் ஒன்றைப் பாருங்கள்: எல்1, எல்5 என்ற இரண்டு அலைவரிசைகளையும் கேட்கிறதா என்று. சட்லெஜ் பள்ளத்தாக்கு போன்ற குறுகிய மலையிடுக்கில் செயற்கைக்கோளின் குரல் பாறையில் பட்டு எதிரொலித்து வரும். ஒற்றை அலைவரிசைக் கருவி உங்களை ஐம்பது மீட்டர் தள்ளிக் காட்டலாம். இரட்டை அலைவரிசைக் கருவிகள் எதிரொலியைப் பெரிதும் பிரித்தறியும். மணாலி–லே சாலையின் காட்டா லூப்ஸில் 21 கொண்டைஊசி வளைவுகள் ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கியிருக்கின்றன. ஐம்பது மீட்டர் பிழை என்றால் நீங்கள் மேல் சாலையில் இருப்பதாகக் காட்டும். அங்கே அதனால் கெடுதல் இல்லை. பாதை பிரியும் இடத்தில் கெடுதல் உண்டு.

மண், மணல், ஆறு என்று பல நாள் போகிறவர்களுக்கு தனிக் கருவியைப் பரிந்துரைப்பேன். கார்மினின் ஸூமோ எக்ஸ்டி வகை பைக்குக்கென்றே செய்தது: கையுறையோடு தொடலாம், மழைத்துளிக்குத் திரை தடுமாறாது, பைக் பேட்டரியிலிருந்து நேரடிக் கம்பி இணைப்பு. மான்டானா வகை கனமானது, ட்ராக் பின்தொடர்வதில் வலுவானது. இட்ரெக்ஸ் சின்னது, திரை சின்னது, ஆனால் கடையில் கிடைக்கும் இரண்டு ஏஏ பேட்டரியில் ஓடும் மாதிரிகள் உண்டு. மாற்றுக் கருவியாகப் பையில் கிடக்க அதைவிடத் தோதானது இல்லை. வாங்கும் முன் இந்திய வரைபடம் உள்ளே இருக்கிறதா என்று கேளுங்கள். இல்லையென்றாலும் ஓபன்ஸ்ட்ரீட்மேப்பிலிருந்து இந்தக் கருவிகளுக்கென்று செய்த வரைபடங்களை இலவசமாக இறக்கி ஏற்றலாம்.

இந்த இடத்தில் தயவுசெய்து கவனமாகக் கேளுங்கள். அமெரிக்காவிலோ வளைகுடாவிலோ இருக்கும் தம்பியிடமோ அக்காவிடமோ கார்மின் வாங்கி வரச் சொல்கிறீர்கள். மாதிரியின் பெயரின் கடைசியில் 'ஐ' என்ற ஆங்கில எழுத்து இருக்கிறதா பாருங்கள். மான்டானா 700 வெறும் ரிசீவர். மான்டானா 700ஐ என்றால் அதற்குள் இன்ரீச் இருக்கிறது. அது இரிடியம் செயற்கைக்கோள் வழியாகச் செய்தி அனுப்பும். இந்தியாவில் தொலைத்தொடர்புத் துறையின் அனுமதி இல்லாமல் அப்படிப்பட்ட கருவி வைத்திருப்பது குற்றம். மும்பைத் தாக்குதலுக்குப் பிறகு கண்டிப்பு கூடியது. 2024 டிசம்பரில் கோவா விமான நிலையத்தில் இன்ரீச் வைத்திருந்த வெளிநாட்டுப் பயணி ஒருவர் பிடிபட்டார். லடாக் எல்லைப் பகுதி. அங்கே இது சின்ன விஷயமாக முடியாது. நல்லெண்ணத்தோடு பரிசு வாங்கி வருகிற உறவினரை விமான நிலையத்தில் சிக்கவைக்காதீர்கள்.

மலை ஏறுகிறவர்களுக்கும் பைக் ஓட்டுகிறவர்களுக்கும் உயிர்காக்கும் இந்தக் கருவிக்கு, எளிய பதிவு முறை ஒன்றை அரசு கொண்டுவர வேண்டும் என்பது என் வலுவான கருத்து. பாதுகாப்புக் கவலை நியாயமானது. அதற்காக விபத்தில் கிடப்பவர் குரல் கொடுக்க வழியே இல்லாமல் இருப்பதும் சரியில்லை. அந்தப் பதிவு முறை வரும் வரை, பழைய வழிதான். வீட்டில் ஒருவரிடம் அன்றாடத் திட்டம், ட்ராக் கோப்பு, எந்த நாள் எந்த நேரத்துக்குள் தகவல் வராவிட்டால் யாரை அழைக்க வேண்டும் என்பது எழுத்தில் இருக்க வேண்டும். தனியாகப் போகாதீர்கள். சோதனைச் சாவடியில் பெயர் எழுதும்போது அலுத்துக்கொள்ளாமல் தெளிவாக எழுதுங்கள். தேட வேண்டி வந்தால் முதலில் புரட்டுவது அந்த நோட்டைத்தான்.

வரைபடத்தில் கோடு இருப்பதால் அதில் போகலாம் என்று பொருள் இல்லை. லடாக்கின் சாங்தாங் சமவெளியில் ஈரப் புல்தரைகள் இருக்கின்றன. கருங்கழுத்துக் கொக்கு முட்டையிடும் இடங்கள். அந்தக் குளிரில் புல் வளர்வது மிக மெதுவாக. ஒரு டயர் தடம் பல ஆண்டுகள் ஆறாது. 2022-ல் பாங்காங் ஏரி நீருக்குள் காரை இறக்கி ஓட்டிய படங்கள் வந்தபோது நாடே கொதித்தது. யாரோ ஒருவர் புல்தரைக்குக் குறுக்கே போன ட்ராக்கை உங்களுக்கு அனுப்பியிருந்தால் அந்தத் துண்டை வெட்டி எறிந்துவிட்டு மற்றவர்களுக்கு அனுப்புங்கள். நம் ஊரிலும் இதே கதைதான். நீலகிரி, ஆனைமலைக் காடுகளில் வரைபடம் காட்டும் பல மண்பாதைகள் வனத்துறையின் ரோந்துப் பாதைகள். காப்புக்காட்டுக்குள் அனுமதியில்லாமல் நுழைவது 1882-ம் ஆண்டுத் தமிழ்நாடு வனச் சட்டப்படி குற்றம். சரணாலயம் என்றால் 1972-ம் ஆண்டு வனவிலங்குச் சட்டமும் சேரும். ஆப்புக்கு இந்தச் சட்டம் எதுவும் தெரியாது.

பழகுவதற்குக் காடு வேண்டியதே இல்லை. செங்கல்பட்டைச் சுற்றி ஏரிக்கரைப் பாதைகளும் வயல்களுக்கு இடையிலான பொது மண்சாலைகளும் ஏராளம். ஒரு ஞாயிற்றுக்கிழமை, கிளம்பும்போதே போனை ஏர்பிளேன் மோடில் போடுங்கள். ஜிபிஎஸ் அதிலும் வேலை செய்யும். வீட்டில் வரைந்த ட்ராக் ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு, குரலை நிறுத்திவிட்டு, மாலை வரை ஓட்டுங்கள். வெயிலில் திரை தெரிகிறதா, கையுறையோடு பெரிதாக்க முடிகிறதா, சார்ஜ் தாங்குகிறதா, மவுன்ட் தளர்கிறதா, நீங்கள் எழுதிய தாளும் திரையும் ஒத்துப்போகின்றனவா என்று பாருங்கள். அன்று தடுமாறிய ஒவ்வொன்றையும் சரிசெய்த பிறகு மணாலிக்கு டிக்கெட் போடுங்கள்.

நான் சொன்ன கருவிகளில் சிலவற்றை இந்த மேசையில் வைத்திருக்கிறேன். கையுறை கொண்டுவந்தவர்கள் மாட்டிக்கொண்டு வாருங்கள். தொட்டுப் பார்த்துவிட்டுக் கேள்விகளுக்குப் போகலாம்.